ரெண்டு பேரும் ஒரே ரயிலில்

காலை எட்டு மணி, ஆறு இடங்கள், ஈஸ்வரி. ரயிலில் ஊர் சுற்றிப் பார்க்கத் திட்டம் போட்டுக் கொடுக்கும் எங்கள் தொழிலில் எல்லாக் கதையும் இப்படி ஒரு நேரம், ஓர் எண்ணிக்கை, ஒரு பெயர் என்றுதான் ஆரம்பிக்கும். நேரத்தை ரயில்வே தீர்மானிக்கும். எண்ணிக்கையை உறவினர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பெயர் மட்டும் கடைசிவரை நிற்கும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். குடும்பத்தோடு ஒரு தடவையாவது மலைக்குக் கிளம்பிப் பார்த்தவர்கள் மேலே படியுங்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. கிளம்பாதவர்கள் நான் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். கிளம்பிப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.

மெதுவாகப் போக வந்தவர்

ஈஸ்வரியும் அவர் கணவர் பொன்னுசாமியும் புதுச்சத்திரம் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர்கள். முப்பதாயிரம் கோழி. பண்ணை ஆரம்பித்து இருபத்திரண்டு வருடங்களில் இருவரும் சேர்ந்து ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. கல்யாணமென்றால் இவர் போவார், துக்கமென்றால் அவர் போவார். மற்றவர் கோழியோடு இருப்பார். மகன் பட்டம் வாங்கிய விழாவுக்கே ஒருவர்தான் போனார். போட்டோவில் பக்கத்து நாற்காலி காலி. ஈஸ்வரி என் கடைக்கு வந்து கேட்டது ஒன்றே ஒன்று: ஊட்டி மலை ரயிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும்.

திட்டத்தை விளக்கினேன். சேலத்திலிருந்து பகல் ரயிலில் கோவை, அங்கிருந்து மேட்டுப்பாளையம். இரவு அங்கே தங்கல். காலை ஏழு மணி வாக்கில் மலை ரயில், உச்சி வேளைக்கு ஊட்டி. சாயங்காலம் ஏரி, படகு. பொன்னுசாமி மலை ரயில் போகும் தூரத்தைக் கேட்டார். நாற்பத்தாறு கிலோமீட்டர் என்றேன். நேரம் கேட்டார். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் என்றேன்.

"அஞ்சு மணி நேரமா? நம்ம தீவன லாரி லோடோட இதைவிட வேகமா ஏறுமுங்களே" என்றார். "கார்ல போனா ரெண்டு மணி நேரம். மிச்ச நேரத்துல..."

"மிச்ச நேரத்துல என்ன பண்ணுவீங்க?" என்று ஈஸ்வரி கேட்டார். பொன்னுசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேகமாப் போகோணும்னா நீங்க தீவன லாரியிலயே போங்க. நான் மெதுவாப் போறதுக்குத்தான் இங்க வந்திருக்கேன்."

கண்ணுக்குத் தெரியும் மலை

இரண்டாவது தடவை வரும்போது பொன்னுசாமி துணைக்குச் சகலையைக் கூட்டி வந்தார். ஈஸ்வரியின் தங்கை சாந்தியின் கணவர்; பெயர் வேலுமணி, வெண்ணந்தூரில் விசைத்தறி ஓட்டுகிறவர். அவரிடம் மாற்றுத் திட்டம் ஒன்று தயாராக இருந்தது. எங்கள் தொழிலில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே பொருள் மாற்றுத் திட்டம்.

"ஏரி வேணும், மலை வேணும், அவ்வளவுதானுங்களே? சேலத்துல கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டினா ஏற்காட்டு ரோடு. மேல ஏரியும் இருக்குது, படகும் இருக்குது. காத்தால போனா பொழுதோட ஊட்டுக்கு வந்துரலாம்" என்றார் வேலுமணி.

"ரயில்?" என்று கேட்டேன், தொழில் தர்மத்துக்காக.

"போற வழியில ஜங்ஷன்ல நின்னு ரயிலைப் பாத்துட்டுப் போலாமுங்க."

"சகல சொல்றதும் நாயமாத்தான் இருக்குது" என்று பொன்னுசாமி எழுந்தே விட்டார். ஈஸ்வரி எழவில்லை.

"ஏற்காட்டு மலையை இருபத்திரண்டு வருசமா முட்டை பொறுக்கிட்டே நான் பாத்துட்டு இருக்கறனுங்க. இனி வேணும்னா அது வந்து என்னைப் பாக்கட்டும்."

தேதி

தேதி குறிக்க ஒரு முழுப் பகல் ஆனது. வைகாசி, ஆனி, ஆவணி மூன்றிலும் கல்யாணங்கள்; ஒவ்வொரு வீட்டிலும் மொய் எழுத ஆள் வேண்டும். ஐப்பசிக்கு மேல் மலையில் மழை, மண் சரிந்தால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். ஒரு வாரம் புதுக் குஞ்சு வருகிறது, ஒரு வாரம் தடுப்பூசி. அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாவற்றையும் அடித்தபிறகு தினசரிக் காலண்டரில் மிஞ்சியது புரட்டாசி. எனக்குத் திருப்தி. பாதி தமிழ்நாடு கறி, முட்டை தொடாத மாதம். முட்டைக்குக் கிராக்கி குறையும், பண்ணைக்காரர்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும் என்று என் அறிவைக் காட்டினேன். பொன்னுசாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சாப்படறவங்களுக்குத்தானுங்க புரட்டாசி. கோழி அது பாட்டுக்கு முட்டை வெச்சுட்டுத்தான் இருக்கும்."

ஏழாவது பெயர்

மலை ரயிலில் இடங்கள் குறைவு. அறுபது நாளுக்கு முன்னால் காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். அந்த நாள் ஆடியில் வந்து விழுந்தது. "டிக்கெட் எடுக்கறது பயணம் இல்லீங்க, ஆடியில எடுக்கலாம்" என்று ஈஸ்வரியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆறு மணிக்கே சேலம் ஜங்ஷனில் வரிசையில் முதல் ஆளாக நின்றார். ஒரு படிவத்தில் ஆறு பேர்தான் எழுதலாம். ஈஸ்வரியும் பொன்னுசாமியும், சாந்தியும் வேலுமணியும், பொன்னுசாமியின் அக்காவும் அவர் கணவரும். சரியாக ஆறு. நானும் துணைக்குப் போயிருந்தேன்.

எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, கூடவே வந்திருந்த சென்னியப்பன் வாயைத் திறந்தார். இவர் பொன்னுசாமியின் பெரியப்பா மகன், எதிர்வீட்டுக்காரர். "என்ற பேரையும் சேத்திக்கங்க. நானும் ரயில்ல மலை ஏறினதில்ல" என்றார். ஆறு பேருக்கு மேல் எழுத முடியாது என்றேன். பொன்னுசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கென்னுங்க, என்ற பேரை அடிச்சுட்டு அண்ணன் பேரை எழுதுங்க. நான் பண்ணையைப் பாத்துக்கறேன்" என்றார். தியாகம் செய்யும்போது இத்தனை சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

"இவரு பேரை அடிச்சா இந்தக் காயிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு ஊட்டுக்குப் போயிருவேன்" என்றார் ஈஸ்வரி. அவர் கை படிவத்தின் மேல் இருந்தது. "வேற யாரு வேணும்னாலும் வரட்டும், வராம போகட்டும். இவரு வரோணும்." சென்னியப்பன் கூரையைப் பார்த்தார். பின்னால் நாற்பது பேர் முணுமுணுத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"குடும்பத்தை முதல்ல முடிவு பண்ணுங்கம்மா. மலை அங்கயேதான் இருக்கும், சீட்டு இருக்காது."

ஆறு பேர் பெயரும் உறுதியானது. சென்னியப்பன் எங்களோடு திரும்பாமல் தனியாகப் பஸ் ஏறிவிட்டார்.

பதினாறு சுரங்கங்கள்

பண்ணையை யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பொன்னுசாமி கண்டுபிடித்த விடை கேமரா. கொட்டகைக்கு நான்கு, தீவன அறைக்கு ஒன்று, ஜெனரேட்டருக்கு ஒன்று. வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், மேற்பார்வைக்கு மைத்துனர் வருகிறார். இருந்தாலும் செல்போனில் கோழியைப் பார்த்துக்கொண்டே மலை ஏறுவதாக ஏற்பாடு. என்னிடம் வந்து, வழியில் எந்தெந்த இடத்தில் டவர் கிடைக்கும் என்று எழுதித் தரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அருவி எங்கே, பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் என்று கேட்டவர்கள் உண்டு. இப்படிக் கேட்டவர் இவர் ஒருவர்தான். தெரிந்த வரைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, நடுவில் பதினாறு சுரங்கங்கள் வரும், அதற்குள் எதுவும் கிடைக்காது என்று எச்சரித்தேன்.

"அப்படின்னா பதினாறு தடவை கோழி என்ன பண்ணுதுன்னே தெரியாதுங்களா?"

முந்தின நாளே கிளம்பிய பெட்டி

டிக்கெட் எடுத்து ஒரு மாதம் கழித்துத்தான் பொன்னுசாமியின் அக்கா காலண்டர் அட்டையின் கீழ்ப் பகுதியைப் படித்தார். கிளம்புவது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அந்தத் திசையில் அன்று கால் வைக்கக் கூடாது. மேட்டுப்பாளையமோ மேற்கே இருக்கிறது. இதற்கும் வழி உண்டு. முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து, பெட்டியைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாக அர்த்தம். மறுநாள் ஆள் போய்ப் பெட்டியோடு சேர்ந்துகொள்ளலாம். வியாழக்கிழமை காலை ஈஸ்வரி வீட்டுப் பெட்டிகளை எதிர்வீட்டில் வைத்தார்கள். சென்னியப்பனின் மனத்தாங்கலுக்கும் அது ஒரு மருந்தாகும் என்று ஈஸ்வரி நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஈஸ்வரி போன் செய்தார். எதிர்வீடு பூட்டியிருக்கிறது. சென்னியப்பன் விடியற்காலையிலேயே மனைவியோடு திருப்பதிக்குப் போய்விட்டார். புரட்டாசி அல்லவா, குறை சொல்லவும் முடியாது. சேலத்தில் ரயில் ஒரு மணிக்கு. பெட்டி போனால் போகிறது, டிக்கெட்டும் ஆதார் அட்டையும் கையில் இருக்கிறதுதானே என்று கேட்டேன். இல்லை. அவையும் மஞ்சள் பையில் பெட்டியோடு உள்ளே இருக்கின்றன. ஏன் என்று கேட்டேன். "பயணத்துக்கு உசுரே டிக்கெட்டுத்தானுங்க. அதை ஊட்டுல வெச்சுக்கிட்டு வெறும் பெட்டியை அனுப்புனா சாமியை ஏமாத்தற மாதிரி ஆயிராதா?" என்றார்.

அதற்குமேல் நடந்ததெல்லாம் போனிலேயே கேட்டேன். ஈஸ்வரி அதை அணைக்கவில்லை. இன்னொரு போனில் சென்னியப்பனைப் பிடித்தார்கள். அவர், "பூட்டை உடைச்சுக்கங்க, நான் என்ன சொல்லப் போறேன்" என்றார். போனை அவர் மனைவி பிடுங்கிக்கொண்டார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஊட்டுப் பூட்டை உடைக்கறதா? எங்க ஊட்டு லட்சுமி வெளிய போயிருவா!" சூலத்துக்குப் பயந்து போட்ட பெட்டியை இப்போது லட்சுமி காவல் காத்தாள். பொன்னுசாமியின் குரல் கேட்டது: "சரி ஈஸ்வரி, நீ உன் தங்கச்சியோட போ. ரயில்ல டிக்கெட்டைக் கேட்டா கிழிஞ்சுது, தொலைஞ்சுதுன்னு ஏதாவது சொல்லிப் பாருங்க. நான் இருந்து பெட்டியை வாங்கி வெக்கறேன்." பிறகு ஓடுகிற சத்தம். ஈஸ்வரி பண்ணைக்குள் போய், கூண்டிலிருந்து தப்பித்த கோழியைக் காலில் மாட்டி இழுக்கும் நீளமான கொக்கிக் கம்பியை எடுத்து வந்திருக்கிறார். ஜன்னல் கதவு திறந்திருந்தது. கம்பிகளுக்கு இடையே கொக்கியை விட்டு, மூன்றாவது தடவையில் மஞ்சள் பையின் காதைப் பிடித்துவிட்டார். பை வந்தது. பெட்டிகள் ஜன்னலில் நுழைகிற பெட்டிகள் இல்லை.

"மாத்துத் துணி இல்லாம எப்படிப் போறது?" என்றார் பொன்னுசாமி, கடைசி நம்பிக்கையோடு.

"போட்டிருக்கறீங்கல்ல, அதோட வாங்க!"

கல்லாற்றுக்குப் பிறகு

அடுத்த புதன்கிழமை ஈஸ்வரி கடைக்கு வந்தார். ஊட்டிக் குளிரில் இருவரும் சாந்தியின் சால்வை ஒன்றையே போர்த்திக்கொண்டு ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த செய்தி எனக்கு ஏற்கெனவே சாந்தி மூலம் வந்திருந்தது. சால்வையைக் கொடுத்துவிட்டு நின்றவர் அல்லவா, அவர் அதைச் சொன்ன குரலிலும் குளிர் இருந்தது. கோழிகள் நலம். சென்னியப்பன் லட்டோடு திரும்பி, பெட்டிகளைப் பத்திரமாக ஒப்படைத்திருந்தார். மலை எப்படி இருந்தது என்று ஈஸ்வரியிடம் கேட்டேன்.

"மலையை யாருங்க பாத்தா?" என்றார். "அடிவாரத்துல கல்லாறு தாண்டுனதுமே டவர் போயிருச்சு. போனை அப்படித் தூக்கிப் பாத்தாரு, இப்படித் தூக்கிப் பாத்தாரு. அப்புறம் பாக்கெட்டுல போட்டுட்டு என்ற தோள்ல சாஞ்சு தூங்கிட்டாரு. குன்னூர் வரைக்கும்."

"எழுப்பியிருக்கலாமே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், புரட்டாசியைப் பற்றி நான் பேசியபோது அவர் கணவர் பார்த்த பார்வையின் சாயல் இருந்தது.

"எழுப்பறதா? இவரு பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்லீங்க. அசைஞ்சா முழிச்சுக்குவாருன்னு கழுத்தைக்கூடத் திருப்பல. மலை எந்தப் பக்கம் வந்துச்சுன்னே எனக்குத் தெரியாது."

திட்டத்தில் குறையில்லை என்றுதான் சொல்ல வேண்டும்: கேட்டது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவது, அது நடந்தது, மலையைப் பார்ப்பதற்கு வேறு டிக்கெட் எடுக்க வேண்டும்.

மாசி மாதம் இரண்டாம் சனிக்கிழமை ஈஸ்வரி, இந்தத் தடவை மலையைப் பார்க்க, தங்கை சாந்தியோடு மறுபடியும் அதே ரயிலில் போனார். பொன்னுசாமி பண்ணையில் இருந்தார்.