காலுக்கு எட்டாத ரத்தம்

எழுபதுகளின் கடைசி. நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரருக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் கொட்டும். தலைவலி வேறு. மல்லாட்டைக் கடலை மூட்டையை அலட்சியமாகத் தூக்குகிற மனுஷன், கொஞ்ச தூரம் நடந்தால் தொடை கடுக்கிறது என்று உட்கார்ந்துவிடுவார். என் மாமியாரிடம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: சூடு. திருவண்ணாமலை மலையே நெருப்பாக நிற்கிற சீமையில் உடம்பு கொதிக்காமல் என்ன செய்யும் என்பார். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல், வெறும் வயிற்றில் வெந்தயம், பௌர்ணமிக்குக் கிரிவலம்.

கிரிவலத்தில் இவர் பாதி வழிகூடத் தாண்டமாட்டார். "சாமி மேல புத்தி இல்ல, அதான் கால் வரமாட்டேங்குது"னு மாமியார் எல்லார் முன்னாலும் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உட்கார்ந்து வீட்டுக்காரர் காலைப் பிடித்துவிடுவேன்.

ஒரு மாசி மாதம் ரத்தம் நிற்கவே இல்லை. மாமியாரோடு கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறித் திருவண்ணாமலை டாக்டரிடம் போனோம். அவர் ஒரு கையால் மணிக்கட்டைப் பிடித்தார். வேட்டியைத் தளர்த்தச் சொல்லி, மறு கையைத் தொடை இடுக்கில் வைத்து வெகுநேரம் நாடி பார்த்தார்.

"மூக்குல ரத்தம்னா அங்க என்னாத்த பாக்கறாரு?" என்றார் மாமியார்.

"கொஞ்சம் சும்மா இருங்க அத்தை" என்றேன்.

கையிலும் தொடையிலும் பிரஷர் பார்த்துவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார்: "இது சூடு இல்லம்மா. இதயத்துலருந்து கீழ எறங்கற பெரிய ரத்தக்குழாய் ஒரு இடத்துல சுருங்கியிருக்கு. பொறவியிலயே. மேல ரத்த அழுத்தம் ஜாஸ்தி, காலுக்குக் கம்மி. அபூர்வமா வர்றது. இப்படியே விட்டா தலையில ரத்தக்குழாய் வெடிச்சுடும்."

அடப்பாவி மனுஷா, இந்தக் காலை வைத்துக்கொண்டா உன்னை மலை சுற்ற வைத்தோம் என்று இவர் காலையே பார்த்தேன்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். சுருங்கிய இடத்தை வெட்டியெடுத்துத் தைக்கலாம் என்றார் பெரிய டாக்டர். வெட்டும்போது முதுகுத்தண்டுக்கு ரத்தம் போகாமல், சிலருக்குக் கால் விழுந்துவிடுவதும் உண்டு என்று ஒளிக்காமல் சொன்னார்.

இவர் உடனே கிளம்பிவிட்டார். "ஏர் ஓட்டாத காலை வெச்சிக்கினு நான் என்னா பண்றது? வா, ஊருக்குப் போலாம்."

"கால் போனா நான் தூக்கிக்கினு போறேன். ஆளே போய்ட்டா எதைத் தூக்கறது? கையெழுத்து போடுங்க." அதட்டலாகத்தான் சொன்னேன்.

போட்டார்.

ஆபரேஷன் முடிந்து கண் பாதி திறந்தும் அவர் காலை அசைக்கவில்லை. நர்சம்மா சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, தெரிந்த குரல் கேட்டால் புரியலாம் என்று என்னையும் மாமியாரையும் உள்ளே கூப்பிட்டார். "காலை ஆட்டுங்க" என்றேன். அசைவில்லை. "கொஞ்சம் ஆட்டுங்களேன்." இல்லை. நான் போட வைத்த கையெழுத்தாலேயே அவரை முடக்கிப்போட்ட மாதிரி இருந்தது. பயமே அடுத்த நொடி கோபமாக வந்தது.

"டேய், ஆட்டுடா காலை."

வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டின புருஷனை, பெற்றவள் பக்கத்தில் நிற்க, டேய் என்றுவிட்டேன். போர்வைக்குள் இடது கால் கட்டைவிரல் மெல்ல மடங்கியது.

மாமியார் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

"இன்னொரு தபா சொல்லுடி. அந்தக் காலும் ஆடட்டும்."