சாய்ந்தமருதில் ஒரு ஜேர்மன் அரண்மனை

கல்முனை பஸாரில் வீட்டுப் பிளான் கீறும் கந்தோர் திறந்த முதல் வாரமே எனக்கு அரண்மனை வேலை கிடைத்தது. எழுபதுகளின் கடைசி. சாய்ந்தமருது அரிசி ஆலை ஹாஜியார் ஒரு கலண்டர்த் தாளை மேசையில் விரித்தார். ஜேர்மனியிலிருந்து மச்சான் அனுப்பியதாம். பரோக் என்ற பழைய ஐரோப்பிய பாணி மாளிகை. இரு பக்கமும் வளைந்து ஏறும் படிக்கட்டு, நடுவில் முட்டை வடிவ மண்டபம், உச்சியில் சிறகு முளைத்த குழந்தைகள்.

"இதத்தான் கட்டணும் தம்பி. மகள் நஸீமாக்கு சீதன வீடு," என்றார்.

தொழில்நுட்பக் கல்லூரியில் பரோக் பற்றி ஒரு மணிநேரம் படித்திருந்தேன். ஆகவே நான் நிபுணன். அந்த மாளிகைகள் தூரத்தில் வருபவனை அசத்தக் கட்டப்பட்டவை. முன்னால் அரை மைல் தோட்டம் இருக்கும். ஹாஜியாரின் வளவுக்கு முன்னால் இரண்டு சைக்கிள் விலகிப் போகும் ஒழுங்கை இருந்தது. முகப்பை முழுதாகப் பார்க்க எதிர்வீட்டுக் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும் என்றேன். அவர்களும் பார்க்கட்டுமே என்றார்.

வீட்டில் உருவம் கூடாது என்று சிறகுக் குழந்தைகள் நீக்கப்பட்டார்கள். பதிலுக்கு அன்னாசிப்பழம். மேசன் இப்றாகிம் வார்த்த அன்னாசி பலாக்காய்போல வந்தது. முட்டை மண்டபத்தில் அலுமாரி எந்தச் சுவரோடும் ஒட்டி நிற்கவில்லை. வலமும் இடமும் ஒரேமாதிரி இருக்க வேண்டுமாம். குசினிக்குப் பொருத்தமான சோடி கிடைக்காததால் அதைப் பின்வளவுக்குத் தள்ளினோம்.

இவையெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். முகப்பின் உச்சியில் வெளியே நீளும் விளிம்பை, கோர்னிஸை, ஒன்றரை அடியாகக் கீறியிருந்தேன். ஹாஜியார் நேரில் நின்று அதை மூன்றடியாக்கினார். உள்ளே அதைத் தாங்கும் கம்பி மட்டும் பழைய அளவிலேயே நின்றது. இப்றாகிம் என்னிடம் வந்து முறையிட்டார். பார்ப்போம் என்றேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மாரி தொடங்கியது. கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்க, கோர்னிஸின் அடியில் விரல் நுழையும் வெடிப்பு. வெறும் பூச்சு வெடிப்பு என்றார் ஹாஜியார். நானும் தலையாட்டினேன். கதவுக்குப் பின்னால் நின்ற நஸீமா வெளியே வந்தாள். அதுவரை அந்த வீட்டைப் பற்றி அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. நானும்தான்.

"நானா, பூச்ச உடுங்க. அது உழுமா, உழாதா?" என்று அண்ணனைக் கேட்பதுபோல என்னைக் கேட்டாள்.

"விழும்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

அவள் தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"வாப்பா, அதுக்குக் கீழ நான் புள்ள வளக்க மாட்டன்."

ஹாஜியார் ஒருமுறை முகப்பை அண்ணாந்து பார்த்தார். பிறகு கோர்னிஸை இடிக்கச் சொன்னார். ஒழுங்கையை மறித்து, இப்றாகிம் ஓரத்திலிருந்து வெட்டத் தொடங்கினார். இரண்டாம் நாள் அவர் தேநீர் குடிக்க இறங்கியபோது, மீதி முழுவதும் அன்னாசிகளோடு படிக்கட்டில் வந்து விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. முன்படிக்கட்டு நொறுங்கிக் கிடந்ததால், கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாசலால் வந்தார்கள். அது வெளிநாட்டு முறை என்று ஹாஜியார் விளக்கினார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வேலை தருபவர் ஊரில் பெரிய மனிதராக இருக்கலாம். கொங்கிறீட்டுக்கு அது தெரியாது. பிழையைக் கண்ட அன்றே வாயைத் திறவுங்கள். எனக்கு அந்தத் துணிவு, ஒரு பெண்பிள்ளை நேராகக் கேட்ட பிறகுதான் வந்தது. அதைத் துணிவு என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.