வென்சேன் கோட்டையில் தில்லைநாயகி வாய் திறந்த கதை

தில்லைநாயகியைப் பிரெஞ்சு பேச வைக்கப் பிரெஞ்சு அரசாங்கமே வந்தாலும் ஆகாது என்று பாரிஸின் லா சப்பலில் அவளை அறிந்தவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். தமிழில் தொடங்கினால் அவளுடைய அண்ணன் ஞானசுந்தரம் காதைப் பொத்திக்கொள்வான், அவ்வளவு பேச்சு. பிரெஞ்சு வகுப்பில் மட்டும் வாயில் கொழுக்கட்டை. எழுதச் சொன்னால் அழகாக எழுதுவாள். பேசச் சொன்னால் காது சிவந்து மேசையைப் பார்ப்பாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அவள் வந்தது தாதிப் படிப்புக்கு. அதில் சேர மேல் வகுப்புப் பிரெஞ்சு முடித்திருக்க வேண்டும். ஆசிரியை ஆலீஸ் கண்டிப்பானவர், நடைப் பைத்தியம் வேறு.

"ஞாயிற்றுக்கிழமை வென்சேன் கோட்டைக்கு நடந்தே போகிறோம். பார்த்ததைப் பற்றி ஒவ்வொருவரும் அங்கேயே பேச வேண்டும். பேசாதவர்களை மேல் வகுப்புக்கு அனுப்ப மாட்டேன்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று சொல்லவும் வேண்டுமா!

அந்த ஞாயிறு காலை அண்ணன் புட்டும் பொரித்த மீனும் கட்டிக் கொடுத்தான்.

"வெறும் வயித்தோட போகாதை பிள்ளை. பயப்படாமல் கதை."

"உங்களுக்கென்ன அண்ணை, சொல்லுவியள். எனக்கு நெஞ்சு இடிக்குது."

கால்வாய்க் கரையோரம் தொடங்கிய நடை, கால் கடுக்கக் கடுக்க நீண்டது. மற்ற மாணவர்கள் கடை கண்ணி பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். தில்லைநாயகி மட்டும் மீன் பையைக் கையில் பிடித்தபடி, மனப்பாடம் செய்த வாக்கியங்களை முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

கோட்டையின் பெரிய கோபுரத்தடியில் அவள் முறை வந்தது. "இந்தக் கோட்டை..." என்றாள். அவ்வளவுதான். படித்ததெல்லாம் பறந்துவிட்டது. ஆலீஸ் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்தவரை அழைத்தார். தாதிப் படிப்பு அந்தக் கோபுரத்தடியிலேயே முடிந்துவிட்டது என்று நினைத்தாள், பாவம்.

கோட்டைக்குள் ஒரு பழைய தேவாலயம் இருந்தது. மடுமாதா கோயிலுக்கும் நல்லூர் முருகன் கோயிலுக்கும் ஒரே பக்தியோடு போய் வந்தவள் அவள். வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். மச்சச் சாப்பாட்டோடு கோயில் படி மிதிப்பதா? பையையும் சப்பாத்துக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனாள். வண்ணக் கண்ணாடிகளுக்குக் கீழே நின்று, மேல் வகுப்பைத் தரும்படி யேசுவையும் முருகனையும் சேர்த்தே கேட்டாள்.

வெளியே விசில் ஊதும் சத்தம் கேட்டது. அது 1986ஆம் ஆண்டு இலையுதிர்காலம். பாரிஸில் குண்டுகள் வெடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆளில்லாத பையைக் கண்டால் யாருக்கும் ஈரக்குலை நடுங்கும். கோட்டைக் காவலர்கள் எல்லாரையும் விலக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பொலிசைக் கூப்பிட ஓடினார்.

தில்லைநாயகி காலுறையோடு பாய்ந்து வந்தாள்.

"குண்டு இல்லை! மீன்! என் அண்ணன் பொரித்த மீன்! கோயிலுக்குள் மீன் கொண்டு போனால் கடவுளுக்குப் பிடிக்காது! சப்பாத்தும் என்னுடையதுதான்!"

எல்லாம் பிரெஞ்சில். அவளுக்கே அது தெரியவில்லை. வயதான காவலர் ஒருவர் தூர நின்றபடி பையைத் திறந்து காட்டச் சொன்னார். அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். மிளகாய்த்தூள் வாசம் முற்றம் முழுக்கப் பரவியது.

காவலர் நிம்மதியாக மூச்சு விட்டார். "பையை இப்படி விட்டுப் போகலாமா, மத்மொசேல்? எங்கள் கடவுளுக்கு மீன்மேல் கோபம் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மீன்தான் சாப்பிடுவோம்."

"அது உங்கள் கடவுள்! எங்களுக்கு வெள்ளிக்கிழமை மரக்கறிதான்! மீன் தொட்டால் குளித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போவோம்!" என்று சண்டைக்கே நின்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் அவள் ஆலீஸைக் கண்டாள். பேச்சு சட்டென்று நின்றது.

ஆலீஸ் கிட்டே வந்து ஒரு மீன் துண்டை எடுத்துக் கடித்தார். உறைப்பில் கண் கலங்கியது.

"எத்தனை பிழை விட்டாய், தெரியுமா? ஒரு வாக்கியம்கூட உருப்படியில்லை" என்றார். "நாளைக்கு மேல் வகுப்புக்கு வா. அங்கே திருத்திக்கொள்ளலாம்."

தில்லைநாயகி அழுதுவிட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தபோது பிரெஞ்சில் ஒரு சொல்லும் வரவில்லை.

"ஓம் மதாம்" என்று தமிழிலேயே சம்மதித்தாள். ஆலீஸுக்கு விளங்கிவிட்டது.