கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள்

நோலீன் என் பப்பின் வாசலில் வந்து இறங்கியபோது முழங்கால்வரை செம்மண், முகத்தில் சொட்டு ரத்தமில்லை. “ஃபோன் எங்கே?” என்றுதான் முதலில் கேட்டாள். இந்தப் பாலைவெளியில் கைபேசிக்கு சிக்னல் எடுக்காது. எல்லோருக்கும் என் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் ஃபோன்தான் கதி.

அவளை எனக்குப் பல வருடப் பழக்கம். ஆனால் ஓட்டுபவர் இருக்கையில் அன்றுதான் பார்த்தேன். ஆட்டுப்பண்ணைக்காரன் டெஸ்ஸின் மனைவி அவள். வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் இறங்கி வேலிக் கேட்டைத் திறக்க வேண்டும், வண்டி உள்ளே போனதும் மூட வேண்டும் என்பது இங்கே வழக்கம். டெஸ் ஓட்டுவான், அவள் இறங்குவாள். கல்யாணமான நாளிலிருந்து இதே கதை. மழையிலும் இறங்கினாள், வயிற்றில் பிள்ளையோடும் இறங்கினாள். மகாராஜா ஒருநாளும் சீட்டைவிட்டு அசைந்ததில்லை.

இப்போது மகாராஜாவுக்குக் கண் மங்கிவிட்டது. வண்டி ஓட்ட ஆளில்லாமல் பண்ணையில் எப்படி இருப்பீர்கள், எல்லாவற்றையும் விற்றுவிட்டு டவுனுக்கு வாருங்கள் என்று அவன் அண்ணன் மகன் ட்ரெவர் பிடிவாதம் பிடித்தான். மூன்று நாள் வழியில் இருக்கும் மகள் வீட்டுக்குத் தனியாக ஓட்டிக் காட்டுகிறேன் என்றாள் நோலீன். முதல் நாள் இருட்டுவதற்குள் என் பப்பிலிருந்து அவள் ஃபோன் செய்ய வேண்டும். ஃபோன் வராவிட்டால் ட்ரெவர் தேடிக்கொண்டு கிளம்புவான். அத்தோடு பண்ணை போச்சு.

“முதல் கேட்லயே திரும்பிடுவே, கிழவி,” என்றுதான் டெஸ் வழியனுப்பினான்.

காலையிலேயே கிளம்பிவிட்டாள். எதிரே மூன்று பெட்டி கோத்த மாட்டு லாரி வந்து போனதும் புழுதியில் ரோடே மறைந்தது. ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள்.

வெயில் சாய்ந்த நேரம், காய்ந்த ஆற்றுக்கு மேலே, சரிவு தொடங்கும் இடத்தில் ஒரு கேட். வண்டி நின்றதும் பழக்கதோஷத்தில் குதித்து இறங்கினாள். கேட்டை அகலத் திறந்தாள். ஓரமாகப் பிடித்துக்கொண்டு நின்று, “ம், வா!” என்று குரலும் கொடுத்தாள்.

வண்டி வந்தது. உள்ளே யாருமில்லை. ஹேண்ட் பிரேக் போடவில்லை.

அவளைத் தாண்டி உருண்டு ஓடியது. தண்ணீர், சாப்பாடு, எல்லாம் அதற்குள். கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். ஆற்று மணலில் முன்சக்கரங்கள் புதைந்து, வண்டி நின்றது.

சுற்றிலும் ஈ காக்கை இல்லை. வண்டியை விட்டு நகராதே என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். நகர்ந்தவர்களின் எலும்பைத்தான் கண்டெடுத்திருக்கிறார்கள். ஆனால் மேலே கேட் திறந்து கிடக்கிறது, ஊரான் மாடு வெளியே போய்விடும். புதர் அசையும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டே சரிவேறிப் போய் மூடிவிட்டு வந்தாள். பிறகு டெஸ் செய்வதுபோல, மணலில் பிடிப்புக் கிடைக்க, டயரில் காற்றை இறக்கினாள். வண்டி உறுமியது, இன்னும் புதைந்தது, கடைசியில் ஏறியது. கங்காருக்கள் குறுக்கே பாய, ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தாள். நான் அப்போதுதான் விளக்குப் போட்டிருந்தேன்.

ஃபோனில் டெஸ் கத்தியே பேசுவான், கடை முழுக்கக் கேட்கும்.

“உயிரோட இருக்கியா? ட்ரெவர் வண்டிச் சாவியோட வாசல்ல நிக்கிறான்!”

“உக்காரச் சொல்லு அவனை.”

“கேட்டைத் திறந்தியா, கிழவி?”

“திறந்தேன். பிடிச்சுக்கிட்டும் நின்னேன். நீ ஓட்டிக்கிட்டு வருவேன்னு.”

நான் துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்தேன்.

“வந்தேனா?” என்றான், மெதுவாக.

“வண்டி வந்துச்சு. நீ வரலையே, டெஸ்.”

அவள் உடைந்து அழுதாள். அழுகை ஓய்ந்ததும் டெஸ் சொன்னான்.

“நாளைக்கு ஹேண்ட் பிரேக் போட்டுட்டு இறங்கு.” பிறகு வாசல் பக்கம் திரும்பிக் கத்தினான்: “ட்ரெவர்! நீ வீட்டுக்குப் போடா.”