கார்டுக்குள் இருப்பதாக நினைத்து

வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் வே பிரிட்ஜ், அதாவது லாரியை நிறுத்தி எடை பார்க்கும் மேடை, என் பொறுப்பில் இருந்தது. லாரியின் எடையைப் படித்துச் சீட்டு அச்சடிப்பது ஒரு சின்ன போர்டு. உள்ளங்கையளவு பலகையில் முழுக் கணினி. திரையும் விசைப்பலகையும் கிடையாது. கோளாறு வந்தால் அதன் மெமரி கார்டைக் கழற்றி அலுவலகக் கணினியில் செருகுவேன். ஓர் ஆணை கொடுத்தால் கார்டுக்குள் போய்விடலாம். பிறகு தட்டுவதெல்லாம் போர்டின் சிஸ்டத்தில்தான் பதியும். வெளியே வர இன்னோர் ஆணை. உள்ளேயும் வெளியேயும் கணினித் திரை ஒரே கறுப்பு; எங்கே இருக்கிறோம் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

ஒருநாள் மாலை கரண்ட் போய் வந்தது. போர்டு எழவில்லை. மேடைமேல் இறால் ஏற்றிய லாரி. எடைச் சீட்டு இல்லாமல் துறைமுக கேட்டில் விடமாட்டார்கள். லாரியைத் திருப்பவும் முடியாது, பின்னால் சாலைவரை வரிசை.

டிரைவர் இறங்கி வந்து அலுவலக ஜன்னலில் முழங்கையை ஊன்றினார். “இன்னாம்மா, பொட்டி இன்னும் தூங்கிகினு கீது? ஆறு மணிக்கு கேட்டு மூடிருவான். கப்பலு எனக்காவ நிக்காது.”

“பார்த்துக்கிட்டே இருக்கேன் அண்ணே.”

கார்டுக்குள் போனேன். எடை நிரலை எழுப்பும் தொடக்கக் கோப்பு காலியாக இருந்தது. சரியான வரிகள் அலுவலகக் கணினியில் ஒரு குறிப்பில் இருந்தன. சோதனைக்காக அதே நிரலை அதிலும் வைத்திருந்தேன். வெளியே வந்து வரிகளைப் பார்த்தேன், கோப்பைத் திறந்து எழுதினேன், கார்டைக் கொண்டுபோய்ப் போர்டில் போட்டேன்.

போர்டு அசையவில்லை.

“சரியாப் போச்சு,” என்றார் டிரைவர். “இறால நீயே வாங்கிக்கம்மா. தொக்கு பண்ணு.”

கார்டை மறுபடி செருகி உள்ளே போனேன். கோப்பு இன்னமும் காலி. அப்போதுதான் உறைத்தது. வரிகளைப் பார்க்க வெளியே வந்தவள் திரும்ப உள்ளே போகவே இல்லை. அதே பெயர், அதே இடம். அலுவலகக் கணினியின் தொடக்கக் கோப்பில் எழுதியிருக்கிறேன்.

இந்த முறை முதலில் என்னென்ன கோப்புறைகள் என்று கேட்டுப் பார்த்தேன். நாலைந்து பெயர்கள்தான் வந்தன; அலுவலகக் கணினி என்றால் பெரிய பட்டியலே வரும். கார்டேதான். எழுதினேன். கார்டு ரீடரின் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

“புடுங்கும்மா அத்த!”

“லைட் அணையட்டும் அண்ணே. இப்ப புடுங்கினா எழுதினதெல்லாம் போயிடும்.”

அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். விளக்கு அணைந்தது.

கார்டைப் போர்டில் போட்டதும் மேடையோர எடைக்காட்டியில் சிவப்பு எண்கள் எரிந்தன. சீட்டைக் கையில் வாங்கியதும் லாரி கிளம்பிவிட்டது. கேட் மூடுமுன் உள்ளே போய்விட்டதாக, அடுத்த வாரம் வந்தபோது சொன்னார். “தொக்கு போச்சேம்மா உனக்கு,” என்றார்.

அலுவலகக் கணினியில் எழுதியதை அழிக்க மறந்திருந்தேன். லாரி போன மறுநாள் காலை அதைப் போட்ட யார்டு கிளார்க் என்னைக் கூப்பிட்டார். திரை முழுக்கப் பெரிய பூஜ்யம். கீழே, ‘லாரியை மேடையில் நிறுத்தவும்’.

“மேடம்,” என்றார் அவர், “மேசை தாங்குமா?”