நான் போய் வந்ததாகச் சொல்லப்படும் மலை

முதலில் இழுத்துக்கொண்டது என் இடது கைதான்.

ஒரு சனிக்கிழமை காலை. நெரவியில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, அரசலாற்றுக் கரையோடு மேற்கே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. திடீரென்று முழங்கை உள்ளே மடங்கியது, விரல்கள் சுருண்டன, கூடவே வாயின் இடது ஓரமும் கோணியது. இரண்டு நொடிகூட இருக்காது. சைக்கிள் கரையிலிருந்து சரிந்து நாணலுக்குள் போய் நின்றது. எழுந்து கையை நீட்டி மடக்கிப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது.

ஹேண்டில்தான் சரியாக இறுக்கப்படவில்லை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றி மாட்டினேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கோட்டுச்சேரியில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நம்பும் ஆள்.

என் சைக்கிள் கிராவல் சைக்கிள். பந்தய சைக்கிளைப் போல ஹேண்டில் கீழே வளைந்திருக்கும், ஆனால் டயர் அகலம். தார் இல்லாத செம்மண் ரோட்டிலும் கப்பி ரோட்டிலும் வழுக்காமல் போகும். நானும் லதாவும் ஆறு வருடமாக இப்படி ஓட்டுகிறோம். லதா எங்கள் தெருவில் இருப்பவள், வங்கியில் வேலை, என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். வாய்க்கால் கரை, ஆற்றங்கரை எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. ஆனால் எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலம்தான். மலையில் ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை. ஜவ்வாது மலையில் ஆற்றுப் பள்ளத்தாக்கோடு ஏறி, காட்டைத் தாண்டி, சாமை விளையும் மேடு பள்ளங்களில் இறங்கும் ஒரு பாதையை இரண்டு வருடமாக வரைபடத்தில் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்திருந்தேன்.

கை இழுத்த மூன்று வாரத்தில் நாங்கள் இருவரும் அங்கே போனோம். மூன்று நாள் ஓட்டினோம். இந்த இரண்டு வாக்கியங்களை எழுதுகிறேனே தவிர, இவை எனக்குத் தெரியாது. லதா சொன்னவை.

எனக்கு நினைவிருப்பது அதற்குப் பிறகு நடந்ததுதான், அதுவும் அரைகுறையாக. பள்ளிக்குக் கிளம்பியவள் காரைக்கால் டவுனில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியவில்லை. இருபது வருடமாகப் போகும் வழி. என் கணவர் அருளுக்கு போன் செய்தேன்.

"எங்க நிக்கிற?"

"தெரியலங்க."

"பக்கத்துல என்ன இருக்கு, பார்த்துச் சொல்லு."

"ஒரு மாதா கோயில் இருக்கு. பெருசா."

"அங்கயே நில்லு, வர்றேன்" என்றார். எங்களுக்குத் திருமணம் நடந்த கோயில் அது. அதை அவர் எனக்குச் சொன்னது பல மாதம் கழித்து.

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போனோம். இரத்தத்தில் சோடியம் (உடலுக்குத் தேவையான உப்புச்சத்து) மிகவும் குறைந்திருந்தது. வெயிலில் அதிகம் சைக்கிள் ஓட்டி வியர்த்ததால் இருக்கலாம் என்றார்கள். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. சலைன் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்தேன். பத்து நாளில் மறுபடி குறைந்தது. அதற்குள் என் தங்கையின் பெயரை இரண்டு முறை மறந்திருந்தேன். காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில் இல்லை. எரிச்சல் மட்டும் இருந்தது, யார்மேல் என்று தெரியாத எரிச்சல்.

புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அருள் அழைத்துப் போனார். நரம்பியல் மருத்துவர் ஒரு பெண். என்னிடம் பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"எது டாக்டர்?"

"இப்ப கை இழுத்துச்சே. முகமும்."

எனக்கு அது தெரியவே இல்லை. அருள் சொன்னார், "ஒரு நாளைக்கு நாப்பது தடவையாவது வருது டாக்டர். டம்ளர் கீழ விழுது. பதட்டம்னு நெனச்சோம்."

அது வலிப்பு. கீழே விழுந்து உடல் முழுவதும் உதறுவதுதான் வலிப்பு என்று நினைத்திருந்தேன். கையும் முகமும் ஒரே பக்கம் ஓரிரு நொடி இழுப்பதும் வலிப்புதானாம். எம்.ஆர்.ஐ. (காந்தப் புலத்தால் உள்ளுறுப்புகளைப் படமெடுப்பது) எடுத்தார்கள். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். இரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார்கள். தன்னெதிர்ப்பு மூளை அழற்சி (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூளையையே அந்நியமாக நினைத்துத் தாக்குவது) என்று முடிவு வந்தது. ஞாபகத்தைச் சேர்த்து வைக்கும் இடத்தில் வீக்கம். உப்புக் குறைந்ததற்கும் அதுதான் காரணம். சைக்கிள் ஓட்டியது அல்ல.

ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) ஐந்து நாள் நரம்பு வழியாக ஏறியது. அந்த வார்டை நான் எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறை என்று நினைத்தேன். செவிலியரிடம் அடுத்த பீரியடு எனக்கு இருக்கிறதா என்று கேட்டேனாம். அருளிடம், ஏன் வேலைக்குப் போகவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அவர் ஒரு தாளில் எழுதிக் கட்டிலுக்கு எதிரே ஒட்டினார்: "உனக்கு மூளையில் வீக்கம். மருந்து ஏறுகிறது. சரியாகிவிடும். நான் லீவு போட்டிருக்கிறேன்."

அதைப் படித்துவிட்டு, "பாவம், யாருக்கு?" என்று கேட்டேனாம்.

கை இழுப்பது ஒரு வாரத்தில் நின்றது. மூளை அவ்வளவு சீக்கிரம் தேறவில்லை. மாத்திரையில் முகம் வீங்கியது, தூக்கம் போனது. மூன்றாம் மாதம் பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்றைப் போட முடிந்தது. அன்றே அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே போனேன். தேறுகிறேனா இல்லையா என்று எனக்கே விளங்கவில்லை.

லதா வாரம் இரண்டு முறை வந்தாள். ஒருநாள் போனில் மலைப் படங்களைக் காட்டினாள். காட்டுப் பாதையில் என் சைக்கிள். ஓர் ஓடைக்குள் முழங்கால் தண்ணீரில் நான். சிரித்துக்கொண்டிருந்தேன். பாதையின் கோடும் வரைபடத்தில் இருந்தது, நான் குறித்து வைத்த அதே கோடு. யாரோ எனக்குப் பதிலாக அதை ஓட்டிவிட்டு வந்ததுபோல் இருந்தது. பொறாமையாகக்கூட இருந்தது.

படங்களைக் காட்டி முடித்தபின் அவள் அழ ஆரம்பித்தாள்.

"அக்கா, ரெண்டாவது நாளே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. கேட்டதையே அஞ்சு தடவ கேட்டீங்க. இறக்கத்துல கை இழுத்தத நானே பார்த்தேன். சொன்னா திரும்பிடுவீங்க, ரெண்டு வருசமா ஆசப்பட்டீங்களேன்னு பேசாம இருந்துட்டேன். அண்ணங்கிட்டயும் சொல்லல."

எனக்குத் தெரியாத ஒன்றுக்காக எப்படிக் கோபப்படுவது? எப்படி மன்னிப்பது? ஒரு மாதம் முன்னால் மருந்து ஏறியிருந்தால் நான் இழந்தது குறைந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். "டீ போடவா?" என்று மட்டும் கேட்டேன். போட்டுக் கொடுத்தேன். சர்க்கரைக்குப் பதில் உப்பு. அவள் முழுவதையும் குடித்துவிட்டாள். அடியில் மிச்சமிருந்ததை நக்கிப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இதைப் படிப்பவர் வீட்டில் இப்படி யாருக்காவது கையோ முகமோ நொடி நேரம் இழுத்தால், போனில் ஒரு வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நோயாளிக்கு அது தெரியாமலே போகலாம். கூட இருப்பவர்தான் சொல்ல வேண்டும். வருத்தப்படுவாரே என்று மறைக்காதீர்கள். இதை லதாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கக்கா" என்றாள்.

மருத்துவரிடம் ஒருமுறை, அந்த மூன்று நாள் திரும்ப வருமா என்று கேட்டேன்.

"மறந்திருந்தா தேடலாம். அது பதிவே ஆகல. மூளை அப்ப எழுதறத நிறுத்திடுச்சு" என்றார்.

ஒரு வருடம் வலிப்பு வராமல் இருந்தபின், தனியாகப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு சைக்கிளுக்கு அனுமதி தந்தார். ஆற்றங்கரையில் சில மாதம் ஓட்டினேன். பிறகு சென்ற தை மாதம், அருள் காரில் எங்கள் இருவரையும் சைக்கிளோடு ஜவ்வாது மலைக்கு அழைத்துப் போனார். பழைய பாதையில் பத்து கிலோமீட்டர் மட்டும். அவர் முன்னால் போய்க் காத்திருப்பதாக ஏற்பாடு.

ஏதாவது ஒரு வளைவு, ஒரு மரம், ஒரு வாசனை என்னை எழுப்பும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் எழவில்லை. ஆற்றுப் பள்ளத்தாக்கு புதிதாக இருந்தது. காடு புதிதாக இருந்தது. ஆனால் ஓரிடத்தில் எதிரே செங்குத்தான ஏற்றம் வருமுன்பே என் விரல் கியரை இறக்கியது. நான் இறக்கவில்லை. திரும்பி லதாவைப் பார்த்தேன். அவள் கவனிக்கவில்லை. அது தற்செயலா, விரலுக்குத் தெரிந்திருந்ததா, எனக்குத் தெரியவில்லை.

ஏற்றம் முடியும் இடத்தில் ஒரு டீக்கடை. நடத்துகிற பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாங்கம்மா! மறுபடி வந்துட்டீங்களா? அன்னிக்கு மழைக்கு ஒதுங்குனீங்களே, பாட்டு பாடுனீங்களே."

நான் பாடுகிற ஆள் இல்லை. கோயிலில்கூட உதட்டை அசைப்பதோடு சரி. லதாவைப் பார்த்தேன். "ஆமாக்கா. பாடுனீங்க. நீங்க நம்ப மாட்டீங்கன்னு சொல்லல" என்றாள்.

"என்ன பாட்டு?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"அது தெரியலம்மா. கண்ணை மூடிக்கிட்டுப் பாடுனீங்க. மழை விட்ட பிறகும் நிறுத்தல. என் மாமியாரு உள்ளேருந்து வந்து உக்காந்து கேட்டாங்க."

அவர் எனக்கு டீயை நீட்டினார். சர்க்கரை கம்மியாகப் போட்டிருப்பதாகவும், நான் அப்படித்தான் அன்றைக்குக் கேட்டதாகவும் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்தேன். அருளின் கார் அடுத்த வளைவில் நின்றிருந்தது. அங்கே போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இங்கே ஒரு மழை நேரத்தில் நான் இருந்திருக்கிறேன், சந்தோஷமாக இருந்திருக்கிறேன். அது என்னிடம் இல்லை. இந்த அம்மாவிடம் இருக்கிறது.

"உங்க மாமியார் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"உள்ளதான் இருக்காங்க. கூப்பிடவா?"

"கூப்பிடுங்க" என்றேன்.