மலைக்கு வந்ததும் மூச்சுத் திணறிய மெஷின்

சென்ற ஞாயிறு காலை, எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவரும் பாக்கியம், பாலை ஊற்றிய பிறகும் வாசலிலேயே நின்றார். அவர் கணவர் முருகையா, பக்கத்து எஸ்டேட் பங்களாவில் புல் வெட்டுபவர். மெஷினைக் கெடுத்துவிட்டார் என்று அவரை நிறுத்தப்போகிறார்களாம். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துக்கு வேறு வீடு ஏது?

என்னிடம் ஏன் வந்தார்? என் பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டரை நானே பிரித்து மாட்டுவதைப் பார்த்திருக்கிறார். என் தகுதி அவ்வளவுதான். ஸ்பேனரோடு புறப்பட்டேன்.

தேயிலை விலை சரிந்த பிறகு அந்த எஸ்டேட்டில் உரம் நின்றுவிட்டது, செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்தும் நின்றுவிட்டது. தேயிலைச் செடி மரமாக வளரலாம்; பங்களாப் புல் மட்டும் விரல் உயரத்தைத் தாண்டக் கூடாது. எஸ்டேட்டை விலைக்குப் பார்க்க ஆட்கள் வருகிறார்களே!

புல் வெட்டும் மெஷினும் வயதான டூ-ஸ்ட்ரோக்தான். சும்மா முடுக்கி வைத்தால் ஓடும். புல்லில் இறக்கினால் திணறி அணைந்துவிடும். மேனேஜர் கோயமுத்தூர்க்காரர். குன்னூர் ஒர்க்‌ஷாப் மேல் நம்பிக்கையில்லாமல் தம் ஊருக்கே அனுப்பி சர்வீஸ் செய்திருக்கிறார். அங்கே சிங்கமாக உறுமியதாம். மலையேறி வந்ததும் பழைய திணறல்.

"ஏனுங்க, அங்க ஓடுன மெஷின் இங்க ஓடலீன்னா கோளாறு யாரு மேலீங்க? ஓட்டற ஆளு மேலதானுங்களே?" என்று மேனேஜர் என்னிடம் கேட்டார். முருகையா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

பிளக்கைக் கழற்றினேன். ஈரக் கரி. சைலன்ஸர் வாயிலும் கரி. சுரண்டினேன், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தேன். சற்றே தேறியது... புல்லைத் தொட்டதும் மீண்டும் அணைந்தது. பெட்ரோல் புதிது. ஆயில் கலந்த அளவும் சரி. பின் என்னதான் கோளாறு?

காற்று! சமவெளியின் அடர்ந்த காற்று இந்த உயரத்தில் ஏது? கீழேயிருந்து வரும் மனிதருக்கே நாலு படி ஏறினால் இரைக்கிறது. கோவைக் காற்றுக்கு அளந்துவைத்த பெட்ரோல் இங்கே மிகை. முழுதாக எரியாமல் கரியாகிறது. கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் துளித்துளியாகத் திருகிப் பெட்ரோலைக் குறைத்தேன் — அளவு மீறிக் குறைத்தால் இன்ஜின் சூடேறி பிஸ்டன் இறுகிவிடும் என்ற அச்சத்தோடுதான்.

மெஷின் புல்லுக்குள் இறங்கியது. அணையவில்லை.

மேனேஜர் மகிழ்ந்து, எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார். முருகையா விஷயம் என்னவென்று கேட்டேன்.

"அதுதான் ஓடுதுங்களே. நாளைக்கு வந்து வெட்டச் சொல்லுங்க."

அவ்வளவுதான்! ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்ததற்கு ஒரு வருத்தம்கூட இல்லை. விலை சரிந்தாலும், மெஷின் நின்றாலும், கடைசியில் இருப்பவன் தலையில்தான் பழி விழ வேண்டுமா? அந்தத் தலையும் அவர்கள் கண்ணில் படாது. எதிரிலேயே நிற்பவருக்கு என் வழியாகச் சொல்லியனுப்புகிறார்!

முருகையாதான் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"மெஷினுக்கு என்னா நோவுன்னு கோயமுத்தூர் வரைக்கும் அனுப்பிப் பாத்தீங்க தொர. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலீங்களே."

மேனேஜர் புல்தரையைப் பார்த்தார். டீ வந்தது. நான் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

தேயிலை விலை இப்படிக் கிடக்கும்போது ஒரு கப் டீயை வீணாக்கியது தவறுதான்... ஒப்புக்கொள்கிறேன்.